ஒரு பிடி கொல்லை மண்

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. அத்திமூர் தாண்டி மலைப்பாதையில் ஏறும்வரை நல்ல வெயில். ஓரிரு வளைவுகள் கடந்ததும் சாரல். அதற்கடுத்த வளைவில் எதிரே வரும் பேருந்தின் விளக்குகூடத் தெரியாதபடி கொட்ட ஆரம்பித்துவிட்டது.

இளவரசி ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். தான் நனைவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பின்னால் கட்டியிருந்த நீளமான பை நனையக் கூடாது. சாலையோரம், இதுவரை அவள் நின்று பார்த்திராத, தகரம் வேய்ந்த ஒரு கொல்லுப்பட்டறை தெரிந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி உள்ளே புகுந்தாள்.

உள்ளே கரி வாசனை... அணையாமல் கிடக்கும் உலையின் இதமான சூடு... மேலே மூங்கில் கழியில் களைக்கொட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஆவணி மாதம், மலையெங்கும் சாமைக் கொல்லைகளில் களையெடுப்பு நடக்கும் நேரம். முகத்தைத் துடைத்துக்கொண்டே அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு போன அவள் கண்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன.

கொட்டுகளுக்கு நடுவே ஒரு கோல்ஃப் மட்டை தொங்கியது. அதுவும் சாதாரண மட்டை இல்லை... வெட்ஜ். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பந்தை அளவாகத் தூக்கிப் போடுவதற்கென்றே, முகத்தை மல்லாத்தினாற்போல் சாய்த்துச் செய்யும் மட்டை. ஜவ்வாது மலையில், கொல்லுப்பட்டறையில், இது எப்படி?

அவள் கை தானாக மேலே போனது.

"ஈரக் கையால தொடாதீங்க."

திரும்பினாள். சாணைக்கல்லின் பின்னாலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். கரி படிந்த சட்டை. முப்பதைத் தொடும் வயது. கண்கள் மட்டும் அந்தப் பட்டறைக்குச் சம்பந்தமில்லாதவை... மழைக்கு முன்னால் மலைமேல் வந்து நிற்கும் மேகம்போல அமைதியான கண்கள்.

"தொட்டா இன்னா ஆவும்?" என்றாள், வீம்பாக.

"துரு பிடிக்கும்."

"பந்து வழுக்காம இருக்க இது துரு பிடிக்கணும்னுதானே பாலிஷ் போடாம வுட்ருக்கீங்க. பார்த்தாலே தெரியுது."

அவன் இப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு அவள் அணைத்திருந்த பையைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது.

"அப்ப தொடைச்சிட்டுத் தொடுங்க" என்று ஒரு துணியை நீட்டினான்.

அவன் பெயர் சந்திரன். பெங்களூரில் கோல்ஃப் மட்டைகள் செய்யும் பட்டறை ஒன்றில் பல வருஷம் இருந்தவன். அப்பா போன பிறகு, அம்மா மலையை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் ஊர் திரும்பிவிட்டான். இப்போது காலையில் களைக்கொட்டு அடிப்பான். மதியத்துக்கு மேல், பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் வரும் மட்டைகளைத் தீட்டிக் கொடுப்பான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆளாக இருந்தான். இவ்வளவையும் அவனிடமிருந்து வாங்குவதற்குள் மழையே பாதி ஓய்ந்துவிட்டது.

இளவரசிக்கு அப்படி ஒரு ஆள்தான் தேவை. அவள் வெட்ஜுகள் மூன்றும் தேய்ந்துபோயிருந்தன. முகத்தில் இருக்கும் கோடுகள் மழுங்கி, பந்து பிடிபடாமல் வழுக்கியது. புதிது வேண்டும். ஆனால் பெங்களூரில் போய் வாங்க முடியாது. புது மட்டை வேண்டுமென்றால் ஆளை நிறுத்தி, ஆடச் சொல்லி, அளவெடுப்பார்கள். அளவெடுத்தால் தெரிந்துவிடும். என்ன தெரிந்துவிடும் என்பதை அவள் தனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

பையைத் திறந்து, எல்லாவற்றையும்விட அதிகமாகச் சாய்ந்திருந்த அறுபது டிகிரி வெட்ஜை எடுத்து நீட்டினாள்.

"இதே மாதிரி வேணும். அச்சு அசலா. மத்த ரெண்டும் அப்படித்தான்."

சந்திரன் அதை வாங்கினான். அடிப்பாகத்தை விரலால் தடவினான். பிறகு கழுத்துப் பக்கம் திருப்பி, ஏனோ வெகுநேரம் அப்படியே வைத்திருந்தான்.

"எங்க ஆடப்போறீங்க?"

"ஐப்பசில பெங்களூர்ல போட்டி. அதுல தேறினாத்தான் அடுத்த வருஷம் ஆட எடம்."

"அந்த மைதானத்து மண்ணு கொண்டாந்தீங்களா?"

"மண்ணா...?"

"இந்த மலைல யாரு கொட்டு வாங்க வந்தாலும், அவங்க கொல்லை மண்ணுல ஒரு பிடி முடிஞ்சி எடுத்தாருவாங்க. கசக்கிப் பார்த்துட்டுத்தான் எந்தச் சாய்வுல அடிக்கிறதுன்னு முடிவு பண்ணுவோம்."

"நான் கொட்டு வாங்க வர்லயே."

"கொட்டு மண்ணுக்குள்ள எறங்கணும். இது எறங்காம வழுக்கிட்டுப் போவணும். ரெண்டுக்கும் மண்ணு தெரியணுங்க."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால் அவளாலும் சிரிக்க முடியவில்லை.

மழை விட்டதும், பட்டறைக்குப் பின்னால் கொல்லையை ஒட்டியிருந்த புல்தரைக்கு அவளை அழைத்துப்போனான். நாலைந்து பந்து அடித்துக் காட்டச் சொன்னான். அவள் அடித்தாள். பந்து போகும் திசையை அவன் பார்க்கவேயில்லை. மட்டை பெயர்த்த மண்ணருகே குந்தி உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தைக் கையால் அளந்தான்.

எழுந்திருக்கும்போது மெல்லிய குரலில் சொன்னான்.

"உங்க எடது மணிக்கட்டு மடங்கல..."

இளவரசி சட்டென்று இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

போன வருஷம் சந்தவாசல் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் முறிந்த மணிக்கட்டு அது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் பழையபடி மடங்காது என்றும் அவர்தான் சொன்னார். முதல் பாதியை மட்டும் அவள் எல்லோரிடமும் சொன்னாள். பணம் போடும் கம்பெனிக்குச் சொன்னாள், கூட ஆடும் பெண்களுக்குச் சொன்னாள், அப்பாவுக்கும் சொன்னாள். அப்பா தங்கவேல் பெங்களூர் மைதானம் ஒன்றில் புல் பராமரிப்பு மேஸ்திரியாக இருந்தவர். அவள் கையில் முதல் மட்டையைக் கொடுத்தவரே அவர்தான். இப்போது படவேட்டில் கரும்பு வைத்துக்கொண்டு இருக்கிறார். அவர் கண்ணில் படாமல் பயிற்சி செய்யத்தான் இத்தனை தூரம் மலையேறி, ஜமுனாமரத்தூர் பக்கத்து ஏரிப் புல்வெளிக்கு அவள் தினமும் வந்துகொண்டிருந்தாள். இத்தனை நாள் காப்பாற்றிய ஒன்றை, யாரோ ஒருவன் ஒரு பள்ளத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான்.

"நான் அத கேட்டேனா?" என்றாள்.

"கேக்கல. ஆனா மட்டை கேக்குது. மணிக்கட்டு நல்லா மடங்கினவங்களுக்குச் செஞ்சது இது. அடிப்பாகம் மெலிசு. இப்ப உங்க கை கட்டையா செங்குத்தா எறங்குது, அதான் தோண்டுது. உங்களுக்கு அடி அகலமா, பின்பக்கம் புடைப்பா வேணும். அப்பதான் மண்ணு அத மேல தள்ளும். அறுபதே வேணாம். அம்பத்தொண்ணு, அம்பத்தாறு... ரெண்டு போதும்."

"எனக்கு அறுபதுதான் வேணும். நான் ஜெயிச்சதெல்லாம் அதுல."

"அதுல ஜெயிச்சவங்க இங்க வர்லங்க. வந்தவங்களுக்குத்தான் நான் செய்ய முடியும்."

கோபத்தில் அவளுக்குக் கண் எரிந்தது. மட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இத செஞ்சவரு யாருன்னு எனக்குத் தெரியாது. ஒரு தபா உரசிக் குடுக்கச் சொல்லி அனுப்பினேன்... என் கூடப் பொறந்த கை மாதிரி திரும்பி வந்துச்சு. என்ன பார்க்காமயே என் கை தெரிஞ்சவரு அவரு. உங்களுக்கு இன்னா தெரியும்?"

சந்திரன் தலையைக் குனிந்துகொண்டு, அவள் பெயர்த்த மண்ணை எடுத்து அந்தப் பள்ளத்தை மூடினான்.

அதற்குப் பிறகும் அவள் தினமும் அந்த வழியாகத்தான் போனாள். வேறு வழி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பட்டறையைக் கடக்கும்போது தலையை நிமிர்த்தி, நேரே பார்த்துக்கொண்டு போவாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சாணைக்கல் நின்றுவிடும். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா... வண்டிக் கண்ணாடி எதற்கு இருக்கிறது?

ஏரிப் புல்வெளியில் எதுவும் சரியாக நடக்கவில்லை. அறுபது டிகிரி, பந்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி அங்கேயே நின்றது. மணிக்கட்டில் சுளீரென்று வலி ஏறியது. மறுபடி அடித்தாள். மறுபடியும்... ஒருநாள் தூறலில் மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்து அழுதாள். 'அவன் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா...' என்று மனம் கெஞ்சியது. பொய்யில்லை என்று அந்தக் கைக்குத் தெரியும்.

அன்று திரும்பி வரும்போது, பட்டறைக்குப் பக்கத்துக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாள் கைகாட்டி நிறுத்தினாள்.

"இன்னா கண்ணு, தெனம் போற, தெனம் வர்ற... மொகம் வாடிக் கெடக்குது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

சந்திரனின் அம்மா கெங்கம்மாள். கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. இளவரசியால் மறுக்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பக்கத்தில் அந்த அம்மாள் வைத்த களைக்கொட்டு கிடந்தது. அதன் கழுத்தில், ஆணியால் தட்டியதுபோல மூன்று புள்ளிகள்... இரண்டு பக்கம் பக்கமாக, ஒன்று கொஞ்சம் தள்ளி.

செம்பு அவள் கையில் அப்படியே நின்றது.

பையைப் பிரித்து அறுபது டிகிரி வெட்ஜை எடுத்தாள். அதன் கழுத்திலும் மூன்று புள்ளிகள். இரண்டு பக்கம் பக்கமாக, ஒன்று கொஞ்சம் தள்ளி. இத்தனை வருஷம் ஏதோ கம்பெனி அடையாளம் என்று நினைத்திருந்தாள்.

"இது... இந்தப் புள்ளி..."

"எம் புள்ள வைக்கிற குறி கண்ணு. யாருக்குச் செஞ்சாலும் அதத்தான் வைப்பான்." கெங்கம்மாள் கொட்டை எடுத்து மண்ணைத் தட்டினாள். "இது அவன் அடிச்சது. என் மொதக் கொட்டு எம் மாமனார் அடிச்சது. கல்யாணமாகி வந்தப்ப, இந்தக் கொல்லை மண்ண நானே அள்ளி, முந்தில முடிஞ்சி, அவர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். எங்க வழக்கம் அது. வர்ற பொண்ணு தன் கையால குடுக்கணும். இனிமே இந்த மண்ணுலதான் இருக்கப்போறேன்னு அர்த்தம்."

எல்லாம் காதில் விழுந்தாலும் இளவரசியின் கால்கள் ஏற்கெனவே பட்டறையை நோக்கி நடந்துகொண்டிருந்தன.

சந்திரன் சாணைக்கல்லை நிறுத்தினான். அவள் மட்டையை நீட்டினாள். கழுத்திலிருந்த புள்ளிகளை விரலால் காட்டினாள்.

"நீங்கதானா..."

அவன் கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அங்க எங்க பட்டறைல ஒரு ஜன்னல் இருந்துச்சு. அதுல பார்த்தா பயிற்சி பண்ற எடம் தெரியும். காலையில யாரும் வர்றதுக்கு முன்ன நீங்க வருவீங்க. மழை நாள்லயும் வருவீங்க. உங்க மட்டை வந்தப்ப அளவு எழுதல, கேட்டு வாங்குன்னாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

"அன்னிக்கே ஏன் சொல்லல? நான் அவ்ளோ பேசினேன்... கேட்டுட்டு நின்னீங்களே."

"சொல்லியிருந்தா, மட்டைய செஞ்சவன் சொல்றான்னு ஒத்துக்கிட்டிருப்பீங்க. உங்க கை சொல்லுதுன்னு ஒத்துக்கிட்டிருக்க மாட்டீங்க." மட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நான் செஞ்சதுலயே நல்லது இதாங்க. இத வேணாம்னு சொல்றதுக்கு எனக்கும் மனசு வர்ல. அன்னிக்கு ராத்திரி சாப்புடல."

இளவரசிக்குக் கண்ணீர் தாரைதாரையாக வந்தது. வெட்கப்படவில்லை. ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்தது, அன்னியன் என்று நினைத்த ஒருவனின் முன்னால் கரைந்து போயிற்று. அவனும் 'அழாதீங்க' என்று சொல்லவில்லை. உலைப்பக்கமாக ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டான்.

அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "ரெண்டு போதும்னீங்களே... எப்ப தருவீங்க?"

"மண்ணு எப்ப தருவீங்க?"

மண் வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். பெங்களூர் மைதானத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். அன்று மாலை படவேட்டில், மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த தங்கவேலின் பக்கத்தில் போய் நின்றாள். "அப்பா, என் கை பழையபடி மடங்காதுப்பா. புது மட்டை செய்ய பெங்களூர் மைதானத்து மண்ணு வேணும்" என்றாள்.

தங்கவேல் திரும்பவில்லை. "தெரியும்மா. கொடத்த எடது இடுப்புல தூக்கறவ, இப்ப வலது இடுப்புல தூக்கற. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." பிறகு போனைத் தேடி எடுத்தார். "மண்ணுக்கு இன்னாம்மா கவல? பழனி இன்னும் அங்கதான் இருக்கான்."

மண் பஸ் பார்சலில் வந்தது. அதற்குப் பின் வந்த நாட்கள் எப்படிப் போயின என்று இளவரசிக்குத் தெரியவில்லை. சந்திரன் அந்த மண்ணைக் கசக்கி, முகர்ந்து, நீர் விட்டுப் பிசைந்து பார்த்தான். மட்டையின் அடியைக் கொஞ்சம் தீட்டுவான், அவள் அடிப்பாள். பள்ளத்தைப் பார்ப்பான், மறுபடி தீட்டுவான். பள்ளத்தின் ஆழம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் புல் மட்டும் சீவிப் போயிருந்தது. மண் அப்படியே இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்... கண்கள் சந்தித்தன. முதலில் விலக்கிக்கொண்டது அவன்தான்.

"மட்டையப் பார்த்தா பயமில்ல, என்னப் பார்த்தாதான் பயமா?" என்றாள்.

"மட்டைய தப்பா தீட்டினா வேற செஞ்சிக்கலாங்க" என்றான்.

புறப்படும் நாளில் இரண்டு வெட்ஜுகளையும் துணியில் சுற்றிக் கொடுத்தான். அவள் ஏதோ எதிர்பார்த்து நின்றாள். அவனும் ஏதோ சொல்ல வந்தவன்போல வாயைத் திறந்து, "போய்ட்டு வாங்க" என்று முடித்துக்கொண்டான்.

'அவ்வளவுதானா...' என்று வழி நெடுக அவள் மனம் கேட்டுக்கொண்டே வந்தது. எங்கெங்கோ ஆடித் திரியப் போகிறவளுக்கு மலையில் கொட்டு அடிக்கிறவனிடம் என்ன இருக்கும் என்று அவன் நினைத்திருப்பான். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததனால் வலித்தது.

பெங்களூருக்குப் போனதும் முதல் வேலையாகக் கம்பெனிக்காரர்களிடம் உண்மையைச் சொன்னாள். அவர்கள் யோசிக்க வேண்டும் என்றார்கள். யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போட்டியின் கடைசிக் குழி. பந்து மணற்பள்ளத்துக்கு இந்தப் பக்கம், ஈரப்புல்லில் கிடந்தது. முன்பானால் அறுபதை எடுத்து, முகத்தை மல்லாத்தி, மணிக்கட்டைச் சுழற்றி, வானத்துக்கு அனுப்பிக் குழியருகே பொத்தென்று இறக்கியிருப்பாள். கை பழக்கத்தில் பைக்குப் போனது. அறுபது இருந்த இடம் காலி. ஐம்பத்தாறை எடுத்தாள். மணிக்கட்டைக் கட்டாயப்படுத்தவில்லை. தோளால் மட்டும் அசைத்தாள். மட்டை மண்ணைத் தொட்டு, மண் அதை மேலே தள்ள, பந்து தாழ்வாக எழும்பி மணலைத் தாண்டி விழுந்து, உருண்டு உருண்டு குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அவள் ஜெயிக்கவில்லை. ஆனால் தேறிவிட்டாள். அடுத்த வருஷத்துக்கு இடம் இருந்தது. கைதட்டலுக்கு நடுவே அவள் கண்கள் ஏனோ ஏதாவது ஜன்னல் தெரிகிறதா என்று தேடின.

கார்த்திகை பிறந்தபோது மலையேறினாள். சாமை அறுவடை முடிந்து கொல்லையில் தட்டை மட்டும் நின்றது. பட்டறைக்கு முன்னாலேயே ஸ்கூட்டரை நிறுத்தினாள். வரப்பைத் தாண்டி இறங்கினாள். என்ன செய்தாள் என்பதைக் கெங்கம்மாள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சந்திரன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். "தேறிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்." முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் அடங்கியது. "அடுத்து எங்க ஆடப்போறீங்க?"

"மண்ணு கொண்டாந்துருக்கேன்."

முடிச்சுப் போட்ட கைக்குட்டையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் வழக்கம்போல அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கினான். விரல் பாதியில் நின்றது. செம்மண்... நடுவே சாமை உமி... ஒரு துண்டுத் தட்டை. பிறந்ததிலிருந்து மிதித்த மண் அவனுக்குத் தெரியாதா?

வெளியே மெல்லத் தூற ஆரம்பித்திருந்தது.

"இது... எங்க கொல்லை மண்ணுங்க" என்றான்.

"தெரியும்."

"இத இப்படி யாரு கொண்டாந்து குடுப்பாங்கன்னு..."

"அதுவும் தெரியும். உங்க அம்மா சொன்னாங்க." அவள் தலை குனிந்துகொண்டாள். "போட்டிக்குப் போவேன். ஊர் ஊரா போவேன். ஆனா திரும்பி வர்றது இங்கதான்னு இருக்கேன். நீங்க வேணாம்னு சொன்னா, மண்ண கொட்டிட்டுப் போய்ட்றேன்."

சந்திரன் கைக்குட்டையை மறுபடி முடிந்தான். ஒரு பொடி சிந்தாமல் முடிந்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"அந்த ஜன்னல்லருந்து பார்த்தப்பவே புடிச்சிருந்துச்சு" என்றான். "கை ஒடைஞ்சப்புறம் வந்து திட்டினீங்களே... அப்ப ரொம்பப் புடிச்சிருந்துச்சு. சொல்லத்தான் வாய் வர்ல."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப கொட்டு அடிச்சிக் குடுங்க."

"அளவு எடுக்கணும். கையக் குடுங்க."

ஒரு வருஷமாக யார் பார்த்தாலும் பின்னால் மறைத்துக்கொண்ட இடது கையை, இளவரசி அவனிடம் நீட்டினாள்.